முதலில் நீர், பிறகு நிழல், அதன் பின் பூ

(தோட்ட மக்கள் மண்டபத்தில் வீட்டுச் சுற்றுப்புற அமைப்பைப் பற்றி ஆற்றிய உரை)



விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, மரம் வெட்டி, பாலெடுத்துக் களைத்துத் திரும்பிய பின்னரும் இங்கே கூடியிருக்கிறீர்கள். அந்த நேரத்தின் மதிப்பை அறிந்தே நாம் பேசத் தொடங்குகிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தைத் திட்டமிட்டு அமைப்பது என்பதாகும்.

இதைக் கேட்டதும், “முற்றத்தை அழகு செய்வது பங்களாக்காரர்களின் வேலை, நமக்கேன்?” என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் இந்நாட்டில் மிகப் பெரிய அளவில் திட்டமிட்டு அமைக்கப்பட்ட நிலம் எது? ரப்பர்த் தோட்டமே அல்லவா! 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த சில கன்றுகளிலிருந்து தொடங்கிய தொழில் இது. காட்டை வெட்டி, குச்சி நட்டு வரிசை பிடித்து, மேட்டு நிலத்தில் படிப்படியாக மண்ணை வெட்டி, மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதபடி குழி தோண்டி, மூடுபயிர் பரப்பிய பிறகே கன்று நடப்பட்டது. அவ்வேலையைச் செய்தவை நம் பாட்டனார் கைகள். நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒழுங்குபடுத்திய கைகளுக்கு, வீட்டு முன்னேயுள்ள சிறு நிலம் ஒரு பெரிய காரியம் அன்று.

இருப்பினும் ஒரு கேள்வி உண்டு. ஒரு தோட்டத்தில் நாம் இதே பொருளைப் பற்றிப் பேசியபோது பெரியவர் ஒருவர் எழுந்து, “ஐயா, இது கம்பெனி வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நான் மாங்கன்று வைத்தால் பழத்தைத் தின்பவன் யார்?” என்று கேட்டார். மண்டபம் அமைதியாயிற்று. அக்கேள்வியை நாம் மறந்துவிடவில்லை. முதலில் செய்முறையைக் கூறிவிட்டு, அதற்கு வருவோம்.

திட்டம் என்பது தாளில் தொடங்குகிறது. பிள்ளைகளின் கணக்குக் கட்டக் குறிப்பேட்டில் ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவர், கதவு, குளியலறை, தண்ணீர்க் குழாய், கழிவுத் தொட்டி, மின்கம்பி செல்லும் வழி ஆகியவற்றை அளந்து குறியுங்கள். பிள்ளைகளையே அளக்கச் சொன்னால் பள்ளிக் கணக்கும் வளரும். அடுத்து, காலை வெயில் விழும் பக்கத்தையும் மாலை வெயில் சுடும் பக்கத்தையும் குறியுங்கள். கடைசியாக, நல்ல மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வெளியே சென்று, நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எவ்வழியே வெளியேறுகிறது என்று பாருங்கள். மழைநாளில் பார்க்காதவர் போட்ட திட்டம் அரைத் திட்டமே.

பிறகு வீட்டாரின் தேவைகளை எழுதுங்கள். மோட்டார் சைக்கிள் வந்து நிற்க இடம் வேண்டும். துணி உலர்த்தும் கொடிக்கு வெயில் வேண்டும். வாசலில் கோலமிடத் திறந்த தரை வேண்டும். நல்லது கெட்டதற்குப் பந்தல் போட ஓரிடம் வேண்டும். வயதான தாயார் பிற்பகலில் உட்கார நிழல் வேண்டும். இவை அனைத்தும் தாளில் இடம் பெற்ற பிறகு எஞ்சுவதே செடிகளுக்குரிய இடம். பூச்செடியை முதலில் வைத்துவிட்டுப் பிறகு பந்தற்காலுக்காகப் பிடுங்குவதைப் பல வீடுகளில் காண்கிறோம்.

வேலையைத் தொடங்கும்போது வரிசை தவறக் கூடாது. முதலில் நீர், பிறகு பாதை, பிறகு மரம், பிறகு செடி, கடைசியில் புல். இவ்வரிசையின் அருமையை நாம் பட்டே அறிந்தோம். முன்பு ஆசிரியப் பணியில் இருந்தபோது, மாணவர்களைக் கூட்டிப் பள்ளி முற்றத்தில் அழகாகப் புல் பதித்தோம். வடிகாலைப் பற்றி நினைக்கவேயில்லை. இரண்டாவது வாரத்தில் பெய்த மழையில் பாதிப் புல் வாசலுக்கு வந்து சேர்ந்தது. மீதியைக் கால்வாய் வெட்டுவதற்காக நாமே பெயர்த்தெடுத்தோம். பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. அதுவே நமக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

ஆதலால் நீரிலிருந்து தொடங்குவோம். வீட்டைச் சுற்றியுள்ள தரை சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும். 6 அடி தூரத்துக்கு ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தால் போதுமானது. நீரை ஏந்திச் செல்லும் சிறு கால்வாய்க்கு 25 அடிக்கு 3 அங்குலச் சரிவு கொடுங்கள். சரிவை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கண்ணாடிபோல் தெரியும் ரப்பர்க் குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளையும் உயர்த்திப் பிடித்தால், இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதைக் கொண்டு இரு குச்சிகளில் கோடிட்டு, தரை எவ்வளவு தாழ்கிறது என்று அளந்துவிடலாம். நாம் வெட்டும் கால்வாயின் நீர் அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரக் கூடாது. லயத்து வீடுகளில் ஒருவர் மட்டும் வடிகால் வெட்டிப் பயனில்லை. வரிசையிலுள்ள எல்லா வீட்டாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் முறையில் சேர்ந்து செய்வதே முறை.

இவ்விடத்தில் உரிமையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். தொழிலாளர் குடியிருப்புகளின் குறைந்தபட்ச வசதிகளை வரையறுக்க 1990ஆம் ஆண்டில் 446ஆம் சட்டம் இயற்றப்பட்டது. 2019இல் அது திருத்தப்பட்டது. குடியிருப்பின் பெரிய வடிகால் உடைந்து கிடந்தால், நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அது தயவு கேட்பதாகாது. நம் முற்றத்துச் சிறு கால்வாயை நாம் பார்த்துக்கொள்வது கடமை. பெரிய வடிகாலைச் சீராக வைக்கும்படி கேட்பது உரிமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை விட்டுவிடலாகாது.

நீரின் மீது நாம் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் டெங்கிக் காய்ச்சல். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த, தேங்கிய நீரில் பெருகுகிறது. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். ஆகவே வாரத்துக்கொரு முறை 10 நிமிடம் முற்றத்தைச் சுற்றி வந்து, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், உடைந்த வாளி, கவிழ்க்காத மங்கு ஆகியவற்றைக் கொட்டிக் கவிழ்த்தால் அதன் பிறப்புத் தடைபடும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். அதன் முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்க வல்லது. வேலிக்கு வெட்டிய மூங்கிலின் வாயிலும் நீர் நிற்கும், மண்ணிட்டு அடைத்துவிடுங்கள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசு பெருக இடங்கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம். தண்டத்தைவிட நம் பிள்ளையின் உயிர் பெரிது.

நீருக்கு அடுத்தது நிழல். தகரக் கூரை வீட்டைப் பிற்பகலில் கொதிக்க வைப்பது மேற்கு வெயில். ஆகவே நிழல்மரம் மேற்கே நிற்கட்டும். பெரிதாகும் மரத்தைச் சுவரிலிருந்து 15 அடிக்குக் குறையாமல் தள்ளி நடுங்கள். மின்கம்பியின் கீழும் கழிவுத் தொட்டியின் அருகிலும் எம்மரமும் வேண்டா. கூரைமேல் சாயக்கூடிய தென்னையும் வேண்டா. முற்றம் சிறிதாயின் மாமரத்துக்குப் பதில் கொய்யாவோ எலுமிச்சையோ போதும். நறுக்கி அடக்கி வளர்க்கலாம். முருங்கைக் கிளை எளிதில் முறியும். ஆதலின் அது கூரைக்கு அப்பாலிருப்பதே நலம்.

நடுவதற்கு முன் மண்ணைச் சோதியுங்கள். ஓரடி ஆழத்தில் குழி தோண்டி நீர் ஊற்றுங்கள். மறுநாளும் நீர் நின்றால் அவ்விடம் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஏற்றதன்று, வேர் அழுகிவிடும். மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். வாழையும் பண்டானும் ஈரத்தை விரும்புவன. குளியலறைப் பக்கம் அவற்றுக்கு ஏற்ற இடம். சரிவான இடத்தில் எலுமிச்சைப் புல்லை, அதாவது செராயை, நெருக்கமாக வரிசை வைத்தால் மண்ணும் நிற்கும், குழம்பும் மணக்கும். மரக்கன்றுக்கு 2 அடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, மேல்மண்ணை ஒருபுறமும் அடிமண்ணை மறுபுறமும் வையுங்கள். மக்கிய எருவுடன் கலந்து மேல்மண்ணையே முதலில் இடுங்கள். பால்மரக் கன்று நட்டவர்களுக்கு இதை நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

அதன் பின் பூ. வாசலில் துளசியும் மல்லிகையும் இருக்கட்டும். 1960ஆம் ஆண்டில் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தியை வேலியோரம் வரிசையாக வைத்தால் உயிர்வேலியாகும்; குச்சி வெட்டி நட்டாலே தழைக்கும். அரளியும் பொன்னரளியும் நஞ்சு. குழந்தைகள் விளையாடும் இடத்திலும் ஆயாக் கொட்டகை அருகிலும் அவற்றை வைக்காதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு, வெறும் தரையில் மாட்டுப் புல்லின் தண்டுகளை அரையடி இடைவெளியில் ஊன்றுங்கள். மேற்குக் கரையில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் மழை கூடும். அதற்குச் சற்று முன் நட்டால் நீர் சுமக்கும் வேலை குறையும்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். வீடு நமதன்று என்ற வருத்தம் உண்மையானது. முற்றத்தில் நான்கு செடி நட்டால் அவ்வருத்தம் தீர்ந்துவிடும் என்று நாம் கூறினால், அது உங்களை ஏமாற்றுவதாகும். சொந்த வீட்டுக்குச் சேமிப்பும் ஒற்றுமையும் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தனார் தலைமையில் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அது தோட்டங்களையே வாங்கிக் காட்டியது. அவ்வழி வேறு, அதையும் நாம் விட்டுவிடக் கூடாது.

ஆனால் டெங்கிக் கொசு, நில உரிமைப் பத்திரம் யார் பெயரில் என்று கேட்டுக் கடிப்பதில்லை. இன்று வெட்டும் வடிகால் இவ்வாரமே பயன் தரும். கீரை ஒரு மாதத்தில் உலைக்கு வரும். பப்பாளி ஏறத்தாழ ஓராண்டில் காய்க்கும். மல்லிகைக் குச்சியையும் கறிவேப்பிலைக் கன்றையும் பண்டானையும் தொட்டியில் பெயர்த்தெடுத்துப் புது வீட்டுக்குக் கொண்டு செல்லலாம். இங்கே அளந்தும் நட்டும் பழகிய கைத்திறன் எந்த வீட்டுக்கும் கூடவே வரும். நிலைத்து நிற்கும் மரமும் ஆழமான கால்வாயும் வேண்டுமாயின், நிர்வாகியிடம் எழுத்தில் இசைவு பெற்ற பிறகு தொடங்குங்கள். பிற்காலத்துச் சச்சரவுக்கு இடமிராது.

அன்று நாம் இவ்வாறு விடை கூறியபோது பெரியவர் தலையசைத்தாரே தவிர, ஒன்றும் பேசவில்லை. சில மாதங்களுக்குப் பின் அத்தோட்டத்துக்கு மீண்டும் சென்றோம். அவர் வீட்டு மேற்குப் பக்கத்தில் மாங்கன்று இல்லை. ஒரு கொய்யாக் கன்று நின்றது. கால்வாய் அடுத்த மூன்று வீடு வரை நீண்டு பெரிய வடிகாலில் சேர்ந்திருந்தது. “பழம் யாருக்கு, ஐயா?” என்று கேட்டோம். “இருக்கும் வரை பேரனுக்கு, பிறகு வருகிறவனுடைய பேரனுக்கு” என்றார்.

இன்று வீடு திரும்பியதும் மண்வெட்டியைத் தேடாதீர்கள். ஒரு குறிப்பேடும் அளவு நாடாவும் எடுங்கள். அடுத்த மழைக்கு வெளியே சென்று பாருங்கள்.