எடை காட்டும் அசைவு
(சூரமங்கலத்தில் ஆற்றிய உரை)



நம் உடலை இயக்கும் புரதம் கற்சிலை அன்று. ஓயாது விரிந்தும் மடங்கியும் அசைவது. கண்ணுக்கெட்டாத அவ்வசைவை எடையால் அறியலாம். நனைந்த பருத்திப் பொதியை நிறைகோல் காட்டிக் கொடுப்பதில்லையா? அஃதே நெறி. புரதத்தைக் கனநீரில் இடுவர். திறந்தசையும் பகுதி தன் நீரிய அணுக்களை விடுத்து, இருமடங்கு எடையுள்ள நீரியத்தை விரைந்து ஏற்கும். இறுகிய பகுதி காலந்தாழ்த்தும். பின்னர்ப் புரதத்தைத் துணித்து, நிறைநிறமாலைமானியால் துணுக்குகளை நிறுப்பர். எடை விரைந்து கூடியது எதுவோ, அதுவே அசைந்தது!

புரதத்தொடர் எவ்வெவ்வாறு மடங்கவியலும் என்று 1963இல் வரைந்து காட்டியவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்துக் கோ. நா. இராமச்சந்திரனும் குழுவினரும். அவ்வரைபடம் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. எனினும் எழுதப்பெற்றது ஆங்கிலத்தில்.

தமிழில் அறிவியலைச் சொல்லவொண்ணாது என்பார்க்கு இவ்வுரையே விடை. நமக்குக் குறைவு சொல்லன்று, துணிவே! எழுதுமின்!