அத்தை வளர்த்த கிடா



கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. ஊரில் ஆடு வளர்க்கும் சொந்தக்காரரிடம் உங்களில் பலர் இந்நேரம் கிடா சொல்லி வைத்திருப்பீர்கள். நம் ஆள் வளர்த்தது, நம்பிச் சாப்பிடலாம். சரிதான். விலை பேசினீர்களா?

நான் பேசவில்லை. என் குருத்துவ வெள்ளி விழாவுக்கு, அப்பாவின் தங்கையிடம் இரண்டு கிடா வாங்கினேன். அத்தை கணவரை இழந்தவர்கள், ஆடுதான் பிழைப்பு. "என்ன விலை அத்தை?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "நமக்குள்ள என்ன சாமி விலை? பாத்துக் குடுங்க" என்றார்கள். பார்த்துத்தான் கொடுத்தேன். 10,000 ரூபாயை ஓர் உறையில் போட்டு, கூடவே ஒரு செபமாலையும் வைத்து!

விழாவுக்கு அத்தை வரவில்லை. முழங்கால் வலி என்றார்கள். நம்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி சொன்னான். அப்போது சந்தையில் உயிர் எடை கிலோ 400 ரூபாய். கிடா ஒவ்வொன்றும் 22 கிலோ. இரண்டுக்கும் 17,600 ஆகிறது. வீடு தேடி வந்த வியாபாரி 17,000 வரை கேட்டும், "அது சாமிக்குச் சொன்னது" என்று அத்தை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். கட்டாவிட்டால் கையை உதறிவிட்டுப் போகலாம். அத்தை எப்படி உதறுவார்கள்? எதிரே நின்றது அண்ணன் மகன்; அதிலும் குருவானவர்.

அதிக விலைக்கு விற்பது மட்டுமல்ல, பெறுமதிக்குக் குறைத்து வாங்குவதும் அநீதியே என்கிறார் புனித தோமா அக்குவினா. குருமடத்தில் படித்து, தேர்வில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன் நான்.

ஒருநாள் போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். விலை கேட்டால் சொல்லவில்லை. செலவைக் கேட்டேன், அது மெல்ல மெல்ல வந்தது. வாங்கியது மூன்று குட்டி. கடலைக்கொடி, தவிடு, குடற்புழு மருந்து. மழைக்காலத்தில் ஒரு குட்டியை நாய் கடித்துக் கொன்றுவிட்டது. அந்த நட்டத்தை யாரிடம் சொல்வது?

யாக்கோபு நினைவுக்கு வந்தார். உறவினன் என்பதற்காகச் சும்மா உழைக்கலாமா, கூலியைச் சொல் என்று முதலில் கேட்டவர் அவருடைய தாய்மாமன் லாபான்தான். எவ்வளவு நல்ல கேள்வி! பிறகு அந்த மாமனே கூலியைப் பத்துமுறை மாற்றினார். காட்டு விலங்கு பீறிய ஆட்டின் நட்டத்தையும் யாக்கோபே சுமந்தார் என்கிறது தொடக்க நூல். இருபது ஆண்டுகள் உழைத்து, கடைசியில் வெடித்துப் பேசுகிறார். அத்தைக்கு வெடிக்கத் தெரியாது, முழங்கால்தான் வலிக்கும்.

ஆகவே, கிடா சொல்லி வைத்தவர்களே, அறுப்பதற்கு முன்பே பேசுங்கள். அந்த வாரச் சந்தை விலையை விசாரியுங்கள். இருவரும் நின்று எடை போடுங்கள். தலை, கால், குடல், தோல் யாருக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். விற்கிறவர்களும் கவனியுங்கள்: உயிர் எடையில் ஏறத்தாழப் பாதிதான் கறி நிற்கும். கடைக்காரரின் கறி விலையை உயிரோடு நிற்கும் ஆட்டின் ஒவ்வொரு கிலோவுக்கும் கேட்பதும் முறையல்ல. அன்பளிப்பாகக் கொடுக்க விரும்பினால், விலையைப் பேசிவிட்டுக் கொடுங்கள். எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு பெற்றோம் என்று இருவருக்கும் தெரியட்டும்.

மீதி 7,600 ரூபாயை அத்தையின் கையில் கொடுத்தேன். வேண்டாம் என்பார்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என் முன்னாலேயே இரண்டுமுறை எண்ணினார்கள். அதிலிருந்து மூன்று நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து என்னிடம் நீட்டினார்கள்.

"ஒண்ணு காலைச் சாய்ச்சு நடந்துச்சு சாமி. சந்தைன்னா இதைக் குறைச்சுத்தான் கேப்பான்."

வாங்கிக்கொண்டேன். எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.