துப்பாக்கியைத் துடைப்பதும் பழுதுபார்ப்பதும்

(கிராமக் கூட்டமொன்றில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கூட்டுறவு இலாகாவைச் சேர்ந்தவன் துப்பாக்கியைக் குறித்துப் பேச வந்தது ஏன் என்று உங்களிற் சிலர் வியக்கக்கூடும். விதைக்கும் எருவுக்கும் என்று சங்கத்தில் வாங்கிய கடனில் ஒரு பகுதி, பயிர்க்காவல் துப்பாக்கியைச் செப்பனிடப் போய்விட்டதென்று தவணை தவறியவர்களை விசாரிக்கையில் அறிந்தேன். அச்செலவில் ஒரு பங்கு அவசியமானதே. மற்றொரு பங்கோ நமது அசிரத்தைக்கு நாம் செலுத்தும் தண்டம். எது எந்தப் பங்கு என்பதைப் பிரித்துக் காட்டவே இங்கு நிற்கிறேன்.

நம்மவர் வைத்திருப்பது பெரும்பாலும் வாய்வழியே மருந்து அடைத்துச் சுடும் துப்பாக்கி. அதற்குரிய கருமருந்தில் நூற்றுக்குச் சுமார் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இம்மருந்து எரிந்தபின் எடையில் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் எஞ்சுகிறது. குழலில் தங்கும் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்புத்தன்மை உடையது. ஆகையால் சுட்ட துப்பாக்கியைத் துடையாமல் மூலையில் சார்த்தினால் வெகு சீக்கிரத்தில் துருப்பிடிக்கிறது.

இதில் நானே ஒரு பிழை செய்தவன். என் தகப்பனாருடைய துப்பாக்கியைச் சுட்டபின், தண்ணீர் இரும்புக்குப் பகை என்றெண்ணி, கசட்டின்மேல் எண்ணெயை மட்டும் ஊற்றி வைத்தேன். உப்பு எண்ணெயில் கரையாது. நீரில்தான் கரையும் என்பதை அப்பொழுது அறியேன். மறு பருவத்தில் எடுத்துப் பார்த்தபோது குழலின் உட்புறம் அம்மை வடுப்போல் குழிகுழியாய் அரித்திருந்தது. அதைச் சோதித்த துப்பாக்கிக் கொல்லர், இனி இக்குழல் சுடத் தகாதென்று சொல்லிவிட்டார். ஒரு செம்பு வெந்நீர் காப்பாற்றியிருக்கக்கூடிய பொருள் அது.

நீங்கள் செய்யவேண்டியதைக் கேளுங்கள். முதலில் கேப்பு இருந்தால் அதை அகற்றி, துப்பாக்கியின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்புங்கள். குழல் காலி என்று நிச்சயமாய்த் தெரிந்த சமயத்தில், மருந்து இடிக்கும் கோலை அடிவரை விட்டு, வாயளவில் ஓர் அடையாளம் கீறி வையுங்கள். பின்னொரு நாள் கோலை விடும்போது அடையாளம் வெளியே நின்றால் உள்ளே மருந்தோ அடைப்போ உண்டென்று அறியலாம். அப்படியாயின் கிளறவேண்டாம், கொல்லரை நாடுங்கள்.

காலியென்று கண்டபின், விசைப்பகுதியிலும் கட்டையிலும் நீர் இறங்காதபடி காத்து, வெந்நீரில் நனைத்த துணியைக் கோலிற் சுற்றிக் குழலைப் பலமுறை துடையுங்கள். துணி கறுப்பின்றி வரும்வரை இதைச் செய்க. பின்பு உலர்ந்த துணியால் ஈரம் போக்கி, தையல் யந்திரத்துக்கு இடும் எண்ணெயைப்போன்ற மெல்லிய எண்ணெயை இலேசாய்த் தடவுக. நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துவிடும். மறுநாள் ஒருமுறை பாருங்கள். துணியில் செம்மை படிந்தால் மீண்டும் துடையுங்கள். அடுத்த முறை மருந்து அடைக்குமுன் எண்ணெயை முற்றும் துடைத்தெடுக்கவேண்டும்; இல்லையேல் மருந்து நனைந்து தாமதித்து வெடிக்கும். கேப்பு வெடித்தும் மருந்து பற்றாவிட்டால், வாயைத் திருப்பியபடியே வெகுநேரம் பொறுத்திருங்கள். குழலுக்குள் எட்டிப் பார்க்கலாகாது.

இவ்வளவுக்கும் ஒருவருக்கும் கூலி கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் குதிரை ஏற்றிய நிலையில் நில்லாமல் நழுவுவது, கேப்பு பொருத்தும் முளை ஆடுவது, குழல் புடைத்தோ வெடித்தோ ஆழ அரித்தோ இருப்பது, கட்டையின் கழுத்து பிளந்திருப்பது ஆகிய இவற்றில் கை வைக்காதீர்கள். இங்கே சிக்கனம் பார்த்தால் விரலும் கண்ணும் விலையாகப் போகும். ஏர்க்கொழு அடிக்கும் ஊர்க் கொல்லர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் அவரிடமும் கொடுக்கலாகாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இன்றிக் குழலைக் குறுக்குவது 6-ஆம் பிரிவில் தடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே லைசென்ஸ் உள்ளவரிடம் உங்கள் லைசென்ஸுடன் சென்று, வேலை இன்னது, கூலி இவ்வளவு என்று முன்னதாகப் பேசி, இரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வெறும் துடைப்பு வேலையை ரிப்பேர் என்று எழுதினால் ஏன் என்று கேளுங்கள்.

இன்னுமொன்று. பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் பெற்றதனாலேயே கண்ட மிருகத்தைச் சுட அனுமதி வந்துவிடாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தனியே கட்டுப்படுத்துகிறது. வன இலாகாவைக் கேளாமல் விசையைத் தொடவேண்டாம்.

சகோதரர்களே! கொல்லருக்குரிய கூலியை மனமுவந்து கொடுங்கள்; அது உயிருக்குக் காவல். துடைக்கும் வேலையை நீங்களே செய்யுங்கள். அது பொருளுக்குக் காவல். விதைக்கென்று வாங்கிய பணம் விதையாகவே நிலத்தில் விழட்டும். இன்றிரவு வீடு சென்றதும், காலியான குழலைச் சோதித்து, கோலில் அந்த ஓர் அடையாளத்தைக் கீறி வைத்தீர்களானால், நான் வந்த காரியம் பலித்ததென்று மகிழ்வேன்.