குழந்தையின் மேனியில் கொப்புளம் கண்டால்



காலையில் குழந்தையைக் குளிப்பாட்ட உட்காரவைத்த தாய், அதன் உள்ளங்காலில் நாலைந்து சிவந்த புள்ளிகளைக் காண்கிறாள். முதல்நாள் இரவு அவை இல்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தால் அங்கும் இரண்டு. உடனே வீட்டில் ஒரு சிறிய மகாநாடு கூடிவிடுகிறது. “அம்மை போட்டிருக்கிறது, வேப்பிலை ஒடித்து வா” என்கிறார் பாட்டி. “எல்லாம் உடம்புச் சூடு, நேற்றுக் கொடுத்த மாம்பழம்தான்” என்கிறார் அத்தை. “அக்கியாக இருக்கும், காவி கரைத்து எழுதினால் போய்விடும்” என்கிறார் அடுத்த வீட்டுப் பெரியவர். தந்தையோ கைத்தொலைபேசியில் படம் பிடித்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பி விளக்கம் கேட்கிறார். பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்கிறார்கள்.

குளுவாங்கிலும் சிகாமட்டிலும் கூலாயிலும், தோட்டத்து லயமானாலும் பட்டணத்துத் தாமானானாலும், இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டிலும் ஒருமுறை இது நடந்தது. இரண்டு வயதுப் பேத்தியின் மேனியில் கண்ட கொப்புளங்களை நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தோம். காலையில் ஏழு, மாலையில் பதினொன்று. மூன்றாம் நாள் மருத்துவரிடம் கொண்டுபோனபோது, அவர் கொப்புளத்தைப் பார்க்குமுன் ஒரு கேள்வி கேட்டார்: “குழந்தை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது?” அங்கே நின்ற நான்கு பெரியவர்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. வாய்ப்புண்ணால் தண்ணீர் விழுங்க முடியாமல் குழந்தை வாடிக்கிடந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை. நல்ல வேளையாக, சிகிச்சையில் அவள் தேறிவிட்டாள். இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

முதலில், ‘அம்மை’ என்ற சொல்லைப் பார்ப்போம். நம் முன்னோர் அஞ்சி வணங்கிய பெரியம்மை இன்று உலகில் இல்லை. 1977ஆம் ஆண்டில் சோமாலியா நாட்டில் கண்டதே அது இயற்கையாகப் பரவிய கடைசி நோய். 1980ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்நோய் அடியோடு ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆகவே, இன்று நாம் அம்மை என்று சொல்வது சின்னம்மையாகவோ, தட்டம்மையாகவோ, அல்லது அம்மையே அல்லாத வேறொன்றாகவோதான் இருக்க முடியும். அம்மனை வணங்குவதிலும், வாசலில் வேப்பிலை செருகுவதிலும் குற்றமில்லை. “ஆத்தா இறங்கியிருக்கிறாள், மருத்துவரிடம் போகக்கூடாது” என்று குழந்தையை வீட்டிலேயே வைத்திருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

குழந்தையின் தோலில் கண்டவை எல்லாம் அஞ்சத்தக்கவை அல்ல. நம் ஜொகூர் மாநிலத்தின் புழுக்கத்தில் கழுத்து, முதுகு, அக்குள் ஆகிய இடங்களில் பொரிப்பொரியாக எழுவது பெரும்பாலும் வேர்க்குரு. காற்றோட்டமும் மெல்லிய பருத்தி உடையும் போதும், தானே தணியும். கொசு கடித்த தடிப்புகள் உடை மூடாத கைகால்களில் மிகுதியாக இருக்கும். இரவில் அரிப்பு மிகுந்து, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு பொரிகள் கண்டு, வீட்டில் மற்றவரும் சொறியத் தொடங்கினால் அது சிரங்கு என்று ஐயுற வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிற்றுயிர் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுவதால் வருவது அது. குழந்தைக்கு மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. வீட்டார் அனைவரும் ஒரே நேரத்தில் பூசிக்கொள்ள வேண்டும். முத்துப்போல் மின்னி, நடுவில் சிறு குழியுடன் கூடிய பருக்கள் வலியின்றி நெடுநாள் இருந்தால், அது ஒருவகைக் கிருமியால் வருவது. பல மாதங்கள் சென்றபின் தானே மறையும்; கிள்ளினால் மற்ற இடங்களுக்கும் பரவும்.

சின்னம்மையில், புதுப் புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் உடலில் காணப்படும். தட்டம்மையில் முதலில் காய்ச்சல், இருமல், கண் சிவத்தல். அதன் பிறகே காதின் பின்புறத்திலும் முகத்திலும் தொடங்கித் தடிப்பு கீழிறங்கும். இதற்கான தடுப்பூசி நம் நாட்டில் 9ஆம் மாதத்திலும் 12ஆம் மாதத்திலும் போடப்படுகிறது. குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, இரண்டும் போடப்பட்டனவா என்று இன்றே பாருங்கள்.

இனி, நாம் தொடக்கத்தில் கண்ட குழந்தைக்கு வருவோம். உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் புண், சில வேளைகளில் பிட்டத்திலும் முழங்காலிலும் பொரிகள். இவை சேர்ந்து கண்டால் அது பெரும்பாலும் கை, கால், வாய்ப்புண் நோய். தாடிகாவிலிருந்து வரும் அறிவிப்பில் ‘எச்.எப்.எம்.டி.’ என்று குறிப்பிடுவது இதைத்தான். மாடுகளுக்கு வரும் கோமாரி நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. மாடு வளர்க்கும் வீட்டார் கலங்க வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையே இது மிகுதியாகப் பிடிக்கிறது. எச்சில், சளி, கொப்புள நீர், மலம் ஆகியவற்றால் பரவுகிறது. பெரும்பாலான குழந்தைகள் ஏழு முதல் பத்து நாட்களில் பூரணமாகக் குணமடைகிறார்கள்.

ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி முடிவதில்லை. 1997ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சரவாக் மாநிலத்தின் சிபு நகரில் இந்நோய் பரவத் தொடங்கியது. அதுவரை ஓடியாடி விளையாடிய ஏறக்குறைய 30 குழந்தைகள் சில வாரங்களில் அம்மாநிலத்தில் உயிரிழந்தனர். எண்டெரோ வைரஸ் 71 என்ற கிருமி அந்தப் பரவலின்போது கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டில் தைவான் நாட்டிலும் அதே கிருமியின் பரவலில் 78 பேர் மாண்டனர். நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டில் அது பரவியபோது பாலர் பள்ளிகள் மூடப்பட்டன. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில், கொவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்து பிள்ளைகள் மீண்டும் ஒன்றுகூடியபோது, இந்நோய் முந்திய ஆண்டைவிடப் பல மடங்கு பெருகியது.

நேயர்களே, இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அந்தக் கிருமி உயிரைப் பறித்தது தோலின் வழியாக அன்று. அது மூளையின் அடித்தண்டைத் தாக்கி, அதனால் இதயமும் நுரையீரலும் நிலைகுலைந்தன. தோலில் கொப்புளம் மிகக் குறைவாக இருந்தாலும் உள்ளே நோய் முற்றியிருக்கலாம். உடல் முழுதும் கொப்புளம் நிறைந்த குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டும் இருக்கலாம். ஆகவே, கொப்புளத்தை எண்ணுவதைக் காட்டிலும் குழந்தையைப் பார்ப்பதே முக்கியம்.

எதைப் பார்ப்பது? குழந்தை குடிக்கிறதா? சிறுநீர் கழிக்கிறதா? எட்டு மணி நேரமாகப் பெம்பர்ஸ் நனையவில்லை என்றால் உடலில் நீர் வற்றுகிறது. விழித்திருக்கும்போது நம் முகத்தைப் பார்க்கிறதா, அல்லது எழுப்பினாலும் சோர்ந்து விழுகிறதா? தூக்கத்தில் திடுக்திடுக்கென்று கைகால்கள் துள்ளுகின்றனவா? நேற்றுவரை நன்றாக நடந்த பிள்ளை தள்ளாடுகிறதா? ஓயாமல் வாந்தி எடுக்கிறதா? மூச்சு வேகமாக வாங்குகிறதா? காய்ச்சல் இரண்டு நாட்களுக்கு மேல் தணியாமல் நிற்கிறதா? உடல் கொதிக்கக் கைகால்கள் மட்டும் சில்லிட்டிருக்கின்றனவா? இவற்றில் ஒன்று கண்டாலும், இரவு இரண்டு மணியானாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வாகனம் இல்லையெனில் 999 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மூன்று மாதத்திற்கு உட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் கண்டால், வேறு அறிகுறி எதற்கும் காத்திருக்கவே கூடாது.

இன்னொரு சோதனையும் வீட்டிலேயே செய்யலாம். கண்ணாடித் தம்ளர் ஒன்றின் பக்கத்தைச் சிவந்த புள்ளியின்மேல் அழுத்திப் பாருங்கள். நிறம் மங்கினால் சற்று ஆறுதல். மங்காமல் அப்படியே தெரிந்தால், அது தோலுக்கடியில் இரத்தம் கசிந்த அடையாளமாக இருக்கலாம். டெங்கிக் காய்ச்சலிலும், மூளையுறைக் காய்ச்சலிலும் அப்படிக் காண்பதுண்டு. தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நம் பிள்ளைகளின் கறுத்த, மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம் ஆகியவற்றில் பாருங்கள். தம்ளரில் நிறம் மங்கினாலும், குழந்தை சோர்ந்திருந்தால் அந்த ஆறுதலை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இத்தகைய அறிகுறிகள் இல்லாமல் குழந்தை தெளிவாக இருந்தால், அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் பகலில் காட்டினால் போதும். கை, கால், வாய்ப்புண் நோய்க்குத் தனி மருந்து கிடையாது. கிருமிக்கொல்லி மாத்திரை கேட்டு மருத்துவரை வற்புறுத்துவதால் பயனில்லை. அவை வைரஸ் கிருமிகளைக் கொல்வதில்லை. காய்ச்சலுக்கு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் ஆகாது. வாய்ப்புண்ணுக்குப் புளிப்பும் காரமும் எரியும். ஆறிய கஞ்சி, குளிர்ந்த பால், இளநீர் ஆகியவற்றைக் கரண்டி கரண்டியாக அடிக்கடி கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தக் கூடாது.

கொப்புளத்தைக் குத்தவோ கிள்ளவோ வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். மஞ்சளையோ காவியையோ அப்பிக்கொண்டு போனால், மருத்துவர் தோலைப் பார்க்க இயலாது. கற்பூரம் கலந்த தைலங்களைச் சிறு குழந்தைகளுக்குத் தேய்ப்பதோ, அவை குழந்தையின் கைக்கு எட்டும்படி வைப்பதோ கூடாது; கற்பூரம் உடலில் ஏறினால் வலிப்பு வரக்கூடும்.

கொப்புளங்கள் ஆறி, மருத்துவர் அனுமதிக்கும்வரை பிள்ளையைத் தாடிகாவுக்கும் திருமண வீட்டுக்கும் அழைத்துச் செல்லாதிருப்பது நம் கடமை. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இது எளிதன்று. ஜொகூர் பாலத்தைக் கடந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் நம்மில் எத்தனையோ பேர். ஒருநாள் விடுப்பு என்றாலும் அவர்களுக்குப் பெரிய இழப்புதான். ஆயினும், கொப்புளத்தைக் கையுறையால் மறைத்து அனுப்பும் ஒரு குழந்தையால் பத்துக் குழந்தைகள் படுத்துவிடலாம். அந்தப் பத்தில் யாருக்கு நோய் மூளைக்கு ஏறும் என்று எவராலும் சொல்ல முடியாது. நோய் ஆறிய பின்னரும் பல வாரங்கள் மலத்தில் கிருமி வெளியேறுகிறது. எனவே பெம்பர்ஸ் மாற்றிய ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கையில் தேய்க்கும் சாராயக் குழம்பு இக்கிருமிக்கு அவ்வளவாகப் பயன்படாது. சோப்பும் ஓடும் தண்ணீருமே நல்லவை.

நாளை காலையில் உங்கள் பிள்ளையின் மேனியில் ஏதேனும் கண்டால், அதற்கு என்ன பெயர் என்று வீடு கூடி வாதாட வேண்டாம். பெயரை மருத்துவர் பார்த்துக்கொள்வார். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவர் வீட்டிலிருக்கும் நாமே. குழந்தை எப்போது குடித்தது, எப்போது சிறுநீர் கழித்தது, எப்போது கடைசியாகச் சிரித்தது என்பதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று எங்களிடம் அந்தத் தாள் இல்லை. உங்களிடம் இருக்கட்டும்.