அவுட் டைம் போட்டீர்களா?



பிற்பகல் இரண்டரை மணிக்குச் சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் நின்றிருக்கிறீர்களா? ஏ ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஒரு பக்கம் வெளியே வரும். பி ஷிப்டுக்கு ஆள் கொண்டுவந்த பஸ்கள் இன்னொரு பக்கம் உள்ளே திரும்பும். நடுவே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. கொஞ்ச நேரத்துக்கு எந்த வண்டியும் எந்த வண்டியையும் தாண்ட முடியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் என் பொறுப்பில் இருந்த ஒரு சர்வரும் படுத்துக்கொண்டது. அடுத்தடுத்து நான்கு நாள், ஏறக்குறைய அதே மணிக்கு. அது ஏன் படுத்தது, அதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதுதான் இன்றைய பேச்சு. கண்டுபிடித்தது நான் என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கணினிப் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். கார், செல்போன் என்று பெரிய ஆலைகள் இந்தப் பக்கம் வந்த பிறகு, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து அனுப்பும் சின்ன யூனிட்கள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை முளைத்துவிட்டன. நான் சொல்லும் யூனிட் அவற்றில் ஒன்று. தலைமை அலுவலகம் அம்பத்தூரில். இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் சுங்குவார்சத்திரத்தில். கணக்கு, ஸ்டோர்ஸ், டிஸ்பேட்ச் எல்லாவற்றுக்குமான சர்வர் அம்பத்தூரில் ஒரு ஏசி அறைக்குள் இருக்கிறது. இங்கே இருப்பவர்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் நுழைந்து வேலை பார்ப்பார்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு, சுங்குவார்சத்திரத்தின் பெயரை வைத்தே சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் தங்கச் சத்திரம் கட்டிவைத்தார்கள். தங்குகிறவர் அண்டா குண்டா சுமந்து வர வேண்டாம். கிணறு, அடுப்பு, கூரை எல்லாம் சத்திரத்துடையவை. சர்வரும் அப்படித்தான். கணக்கு எழுதும் டாலி ஓடுவதும் எக்செல் திறப்பதும் அம்பத்தூரில். உங்கள் மேசையில் இருப்பது வெறும் ஜன்னல். நீங்கள் தட்டும் எழுத்து அங்கே போகிறது, அங்கே நடப்பதன் படம் உங்கள் திரைக்கு வருகிறது. மைக்ரோசாஃப்ட் 1998-ல் விண்டோஸ் என்டி 4.0-க்கு டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்ட காலத்திலிருந்து விண்டோஸில் இருக்கும் ஏற்பாடு இது. 2020 மார்ச் ஊரடங்கு வந்தபோது அது வீட்டுக் கூடம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

வசதிதான். ஆனால் அடுப்பு ஒன்று. அது அணைந்தால் தங்கியிருக்கிற அத்தனை பேருக்கும் பட்டினி.

எங்கள் யூனிட்டில் மூன்று மணிக்கு டிஸ்பேட்ச். குட்டி யானை என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் வண்டியில் சரக்கு ஏற்றியாயிற்று. சர்வர் இல்லாமல் இன்வாய்ஸ் வராது. இன்வாய்ஸ் இல்லாமல், சரக்கு கொண்டுசெல்ல வேண்டிய இ-வே பில் எடுக்க முடியாது. பில் இல்லாத வண்டி கேட்டைத் தாண்டாது. வாங்குகிற ஆலையோ சரக்கைக் குவித்துவைத்துக்கொள்கிற இடம் இல்லை. அந்தந்த ஷிப்டுக்கு வேண்டியது அந்தந்த நேரத்துக்கு வந்தாக வேண்டும். அங்கிருந்து போன் மேல் போன்.

சின்ன யூனிட்டுக்குத்தான் இந்தத் தலைவலி என்று நினைக்க வேண்டாம். இ-வே பில் நாடு முழுவதும் கட்டாயமான முதல் நாள், 2018 பிப்ரவரி 1 அன்று, அரசின் இணையதளமே பாரம் தாங்காமல் திணறியது. திட்டத்தைத் தள்ளிவைத்து ஏப்ரல் 1-ல்தான் மறுபடி தொடங்கினார்கள்.

சரி, நான் என்ன செய்தேன்? அம்பத்தூரில் இருக்கும் பையனுக்குப் போன் போட்டு, "பவர் பட்டனை அமுக்கிப் பிடிப்பா" என்றேன். ஐந்து நிமிடத்தில் சர்வர் எழுந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தவர் முகத்தில் சோடா தெளித்து எழுப்பியவனுக்குக் கிடைக்கிற பாராட்டு அது. மறுநாள் அவர் அதே இடத்தில் விழுந்தார். மறுபடி சோடா. மூன்றாம் நாளும் சோடா.

நான்காம் நாளும் சோடா தெளித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளம்பினேன். கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் வண்டியை மறித்தார். கையில் ரெஜிஸ்டர்.

"தம்பி, இதைப் பாருங்க. மூணு நாளா உங்க பேருக்கு நேரே இன் டைம் மட்டும்தான் இருக்கு. அவுட் டைம் போடாமலே போயிடறீங்க. நோட்டுப்படி பார்த்தா நீங்க இன்னும் உள்ளேதான் இருக்கீங்க!"

சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கினேன். எழுதப் போன கை பாதியில் நின்றுவிட்டது. அதே பக்கத்தில் குட்டி யானைகள் கேட்டில் காத்துக்கிடந்த நேரத்தையும் அவர் குறித்து வைத்திருந்தார். இரண்டே முக்கால். இரண்டு ஐம்பது. இரண்டு நாற்பது. எல்லாம் ஷிப்ட் மாறின கையோடு. நோட்டுப்படி நான் இன்னும் உள்ளே இருக்கிறேன் என்றால், சர்வர் கணக்குப்படி ஏ ஷிப்ட் ஆட்களும் இன்னும் உள்ளேதானே இருப்பார்கள்?

வண்டியைத் திருப்பினேன்.

விண்டோஸ் சர்வரிலும் ஒரு கேட் ரெஜிஸ்டர் உண்டு. அதன் பெயர் ஈவென்ட் வியூவர். யார் வந்தார், எந்த நிரல் நின்றது, எப்போது மூடியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டு மணியோடு எழுதிவைக்கும். 1074 என்று இருந்தால், யாரோ ஒருவர் அல்லது ஒரு அப்டேட் சொல்லி நடந்த ரீஸ்டார்ட். 6008, 41 என்று இருந்தால், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. கரண்ட் போயிருக்கலாம், யுபிஎஸ் பேட்டரி செத்திருக்கலாம், விண்டோஸ் நிலைகுலைந்து நீலத்திரை காட்டியிருக்கலாம்.

எங்கள் ரெஜிஸ்டரில் நான்கு நாளும் 41 இருந்தது. அது நாங்களே பவர் பட்டனை அமுக்கியதால் வந்தது. அதற்குச் சில நிமிடம் முன்னால், நான்கு நாளும், 2004 என்ற எண். நினைவகம் தீர்ந்துகொண்டிருக்கிறது, இன்னின்ன நிரல்கள்தான் அதிகம் எடுத்துக்கொள்கின்றன என்ற எச்சரிக்கை அது. நான்கு நாளும் சர்வர் சொல்லிவிட்டுத்தான் விழுந்திருக்கிறது. படிக்காதது நாங்கள்.

நடந்தது இதுதான். இரண்டரை மணிக்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். ஏ ஷிப்டில் பதினான்கு பேர் ஜன்னலின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திவிட்டு ஓடுகிறார்கள். ஜன்னல் மூடும். ஆனால் சத்திரத்துக்குள் அவர்கள் திறந்துவைத்த டாலி, எக்செல் எல்லாம் அப்படியே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெளியேறுவதற்கு சைன் அவுட் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை. ஆளுக்கொரு லாகின் என்பதால், அடுத்து வரும் பி ஷிப்டின் பதினான்கு பேரும் புதிதாக இடம் கேட்கிறார்கள். பதினான்கு பேருக்குக் கட்டிய சத்திரத்தில் இருபத்தெட்டு பேர்.

காலையில் ஏன் இந்தச் சிக்கல் வரவில்லை? இரவு பேக்கப் முடிந்ததும் சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி நானே வைத்திருந்தேன். இரவில் எல்லோரையும் வெளியே தள்ளிவிடும். நான் செய்துவைத்த அந்த ஏற்பாடுதான் நோயை மறைத்துக்கொண்டிருந்தது.

மருந்து பத்து நிமிட வேலை. ஜன்னலை மூடிவிட்டுப் போனவர் சில நிமிடத்துக்குள் திரும்பவில்லை என்றால் அவரை வெளியேற்றிவிடு என்று ஒரு அமைப்பு. ஷிப்ட் முடியும்போது சைன் அவுட் செய்யுங்கள் என்று ஒரு சீட்டு. அவ்வளவுதான். புது சர்வர் வாங்கச் சொல்லி முதலாளிக்கு நான் எழுதிவைத்திருந்த கொட்டேஷனைக் கிழித்துப்போட்டேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சர்வர் படுத்துவிட்டது என்று போன் வந்தால் மூன்று கேள்வி கேட்பேன். ஒன்று, யாருக்கு? ஒருவருக்கு மட்டும் என்றால் கோளாறு அவர் மேசையில். ஒரு யூனிட்டுக்கே என்றால் லைனில். எல்லோருக்கும் என்றால்தான் சர்வரில். இரண்டு, எப்போதிலிருந்து, எந்த மணிக்கு? மூன்று, அதற்கு முன் என்ன மாறியது? புது பிரிண்டர் மாட்டினீர்களா, அப்டேட் வந்ததா, ஏசி நின்றதா? சில கோளாறுகளுக்கு நாள் கணக்கே துப்பு. ரிமோட் டெஸ்க்டாப்புக்கு லைசென்ஸ் போடாமல் விட்டால், 120 நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, அதன்பின் யாரையும் உள்ளே விடாது. பட்டனை அமுக்குவது இதெல்லாம் கேட்ட பிறகுதான்.

பெரிய இடங்களிலும் காரணம் இப்படிச் சாதாரணமாகவே இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 கார் ஆலைகளும் நின்றன. உலகமே ஹேக்கர் வேலையா என்று கேட்டது. பிறகு நிறுவனம் சொன்ன காரணம், உதிரிபாக ஆர்டரைக் கையாளும் சர்வர்களில் பராமரிப்பு வேலை நடந்தபோது டிஸ்கில் இடம் போதவில்லை. மாற்று சர்வரும் அதே அமைப்பில் இருந்ததால் அதுவும் கைகொடுக்கவில்லை. பெரிய கொள்ளளவு கொண்ட சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகுதான் ஆலைகள் ஓடின.

விழுந்தது திருடன் தள்ளியதாலும் இருக்கலாம். 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியபோது, நம் ஒரகடத்து ரெனோ–நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14-லேயே கொடுத்திருந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2019 மே மாதம், பழைய விண்டோஸ்களின் ரிமோட் டெஸ்க்டாப் கதவிலேயே ஓட்டை இருப்பது தெரியவந்தது. புளூகீப் என்று பெயர். பிரிட்டன் ஆய்வாளர் கெவின் போமான்ட் திருடர்களைப் பிடிக்கப் பொறியாக வைத்திருந்த கணினிகள் அந்த அக்டோபர் இறுதியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நீலத்திரை காட்டி விழுந்தன. சோடா தெளித்துவிட்டுப் போயிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். விழும்போது கணினி எழுதிவைத்த டம்ப் கோப்பைப் படித்தார்கள். புளூகீப் வழியாக உள்ளே வர யாரோ முயன்றது அதில் பதிவாகியிருந்தது.

ஆகவே, ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 என்ற வாசலை இணையத்துக்கு நேராகத் திறந்துவைக்காதீர்கள். வி.பி.என். என்ற உள்வழியாக மட்டும் வரச் சொல்லுங்கள். தெருவில் போகிறவர் தட்டிப் பார்க்கும்படி சத்திரத்துக் கதவு இருக்கக் கூடாது.

தூரத்திலிருந்து எல்லாம் முடியும் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. 2024 ஜூலை 19 காலையில், கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பிழையான கோப்பை நிறுவனம் 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் அதற்குள் விழுந்த கணினிகளுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்க்க, முதலில் சத்திரம் திறந்திருக்க வேண்டுமே! பெரும்பாலான கணினிகளின் முன்னால் ஒருவர் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. சர்வர் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது, பக்கத்தில் இருக்கும் ஆள் யார் என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். அந்தத் தாளை சர்வருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

எங்கள் யூனிட்டில் இப்போது கணினிக்குப் பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு நோட்டுத் தொங்குகிறது. சர்வர் முரண்டு பிடித்தால் மணியைக் குறித்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்வார்கள். இரண்டரை மணிக்கு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஸ்டோர்ஸில் இருக்கும் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்: "ஏய், அவுட் டைம் போட்டியா?" கேட் ரெஜிஸ்டரை அல்ல, சைன் அவுட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தது யார் என்று செக்யூரிட்டி அண்ணனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது, நேயர்களே. அவுட் டைம் எழுதிவிட்டுக் கிளம்புகிறேன்.