சம்பளத்திலிருந்து சொந்தத் தொழிலுக்கு



மென்பொருள் நிறுவனங்களில் சில ஆண்டு உழைத்த நம் இளைஞர்கள், சொந்தமாக ‘ஸ்டார்ட்அப்’ தொடங்க வேலையை விட்டு வெளியே வருகிறார்கள். வரட்டும்! ஆனால் வரும்போது எதைக் கொண்டு வருகிறார்கள்?

மக்காவில் சொத்தை விட்டுவிட்டு மதீனா வந்தார் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி). சஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவரோ துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தலை நிமிர்ந்தார். அவர் கொண்டு வந்த முதல், வியாபார அனுபவம்தான்!

உங்கள் அனுபவமும் உங்களுடையது, எடுத்து வாருங்கள். முதலாளியின் வாடிக்கையாளர் பட்டியலும், அவருக்காக எழுதிய நிரலும், விலை ரகசியமும் அமானிதம். அதைத் திருடித் தொடங்கும் தொழிலில் பரக்கத் ஏது?

அடுத்தது பணம். வட்டிக்கு வாங்காதீர்கள். முளாரபா இருக்கிறதே! ஒருவர் முதல் போடுவார்; மற்றவர் உழைப்பார். லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரிக்கலாம். உழைப்பவர் மீது குற்றமின்றி நஷ்டம் வந்தால், அவருக்கு உழைப்பு போகும். முதல் போட்டவருக்குப் பணம் போகும். கதீஜா (ரலி) அவர்களின் சரக்கோடு நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் சென்று வணிகம் செய்யவில்லையா?

“மச்சான்தானே, எழுத்து எதற்கு?” என்று கேட்காதீர்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதி வைக்கச் சொல்வதுதான்.

ஜமாஅத் நிர்வாகிகளே! கல்யாண மண்டபத்துக்கு நிதி திரட்டும் நாம், ஓர் இளைஞனின் தொழிலில் பங்கு சேரக் கூடாதா? வட்டிக்காரனை அவன் தேடிப் போகுமுன், நாம் அவனைத் தேடிப் போவோம். வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக!