கடலில் விளையும் பயிர்

(கரையோர ஊராட்சி ஒன்றியக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



வயலில் நெல் விளைவதுபோல் கரையோரக் கடலிலும் ஒரு பயிர் விளைகிறது. அதுவே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. மத்தி மீன் பெரும்பாலும் அதனையே உண்டு கொழுக்கிறது. அதற்கும் வெயில் வேண்டும். தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். பருவமழைக் காலத்தில் ஆறுகள் அச்சத்துக்களைக் கொண்டு சேர்க்கின்றன. ஆயினும் கலங்கல் நீரில் வெயில் புகாது. நீர் தெளிந்த பின்னரே பாசி செழிக்கும்.

உரம் மிஞ்சினால் பயிர் சாய்வதை நாம் அறிவோம். கடலிலும் அளவு மீறி மண்டிய பாசி மடிந்து அழுகும்போது நீரில் பிராணவாயு குன்றுகிறது. 2019 செப்டம்பரில் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகி, மன்னார் வளைகுடா நீர் பச்சை நிறமாயிற்று; பாம்பன் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கின. அதற்கு உழவரே காரணம் என்று நான் கூறவில்லை. ஆனால் மழைக்கு முன்னாள் தூவும் யூரியா வாய்க்கால் வழியே கடலுக்கே போகிறது. வானிலை அறிக்கை கேட்டு, மழை விட்டபின் மேலுரம் இடுங்கள். உரச் செலவும் மிஞ்சும்.